ஆற்றுக்கு ஒரு கிரயப் பத்திரம்

தெரு இருக்கிறது. தெருவுக்குப் பெயர்ப் பலகை இருக்கிறது. வீடுதான் இல்லை! ஒன்றல்ல, இரண்டல்ல, வரிசை வரிசையாக வீடுகள் இருந்த இடத்திலே ஆளுயரத்துக்கு நாணல் வளர்ந்து நிற்கிறது. மான் வந்து மேய்கிறது. வான்கோழிகள், யாரையும் கேளாமல், நடுத்தெருவிலே ஊர்வலம் போகின்றன.

எங்கே இந்தக் காட்சி? எவரும் எட்டிப் பார்க்காத காட்டிலா? இல்லை. உலகத்தின் பணப்பெட்டி என்று சொல்லப்படும் நியூயார்க் மாநகரத்தின் எல்லைக்குள்ளே! ஒரு முழம் மண்ணுக்கு ஒரு மூட்டைப் பணம் கேட்கிறார்களே, அதே நகரத்திலே! ஸ்டேட்டன் தீவு என்பது அந்நகரின் ஐந்து பிரிவுகளிலே ஒன்று. அதன் கடலோரத்திலே ஓக்வுட் பீச் என்றொரு பகுதி. அங்கேதான் வீடுகள் போய் நாணல் வந்திருக்கிறது.

போர் நடந்ததோ? குண்டு விழுந்ததோ? கொள்ளை நோய் வந்து குடிகள் ஓடினரோ? எதுவும் இல்லை. சர்க்காரே விலை பேசி வாங்கியது. வாங்கிய வீட்டை இடித்தது. இடித்த இடத்திலே இனி எவரும் வீடு கட்டக்கூடாது என்று பத்திரத்திலே எழுதி வைத்தது.

பைத்தியக்காரத்தனம் என்று சிலர் சொல்லக்கூடும். நாம் அப்படிச் சொல்லத் தயாராக இல்லை. அதே நேரத்திலே, ஆகா, அற்புதம் என்று கைதட்டிவிட்டுப் போகவும் தயாராக இல்லை. இந்தத் திட்டத்திலே பாராட்டத்தக்கதும் இருக்கிறது. பார்த்துப் பதறத்தக்கதும் இருக்கிறது. இரண்டையும் எடுத்து வைப்பதே நமது வேலை.

2012ஆம் ஆண்டு அக்டோபர் 29. சாண்டி என்று பெயரிடப்பட்ட புயல், கடலைக் கையிலே வாரியெடுத்துக் கரைமேல் கொட்டிய இரவு அது. ஸ்டேட்டன் தீவிலே மட்டும் இருபதுக்கு மேற்பட்ட உயிர்கள் பலியாயின. ஓக்வுட் பீச் சதுப்பு நிலத்தையொட்டி எழுந்த பகுதி. கோடைக் காலத்திலே வந்து தங்குவதற்கென்று கட்டிய சிறு குடில்கள், நாளடைவிலே நடுத்தரக் குடும்பங்களின் நிரந்தர வீடுகளாயின. தண்ணீர் வருவது அவர்களுக்குப் புதிதல்ல. 1992இலே வந்த புயலின்போதும் தத்தளித்தவர்கள்தாம். ஆனால் இம்முறை, வடிந்த தண்ணீர் அவர்களுடைய மனத்திலிருந்த பிடிப்பையும் சேர்த்து வடித்துக் கொண்டு போயிற்று.

அப்போது அவர்கள் செய்ததுதான் கவனிக்கத்தக்கது. "அணை கட்டிக் கொடு, வீட்டை உயர்த்திக் கொடு" என்று கேட்கவில்லை. கூடிப் பேசினார்கள். வீடு வீடாகச் சென்று கருத்தறிந்தார்கள். "எங்கள் வீடுகளை வாங்கிக் கொள்ளுங்கள், நாங்கள் போகிறோம்" என்று சேர்ந்து கேட்டார்கள். 2013இன் தொடக்கத்திலேயே அன்றைய கவர்னர் ஆண்ட்ரூ குவோமோ ஒப்புக்கொண்டார். புயலுக்கு முன் அந்த வீடு என்ன விலை பெறுமோ அந்த விலை. தெருவோடு தெருவாகச் சேர்ந்து விற்றால் அதற்கு மேல் நூற்றுக்குப் பத்து. நகரத்தை விட்டுப் போகாமல் உள்ளேயே வேறிடத்திலே குடியேறினால் மேலும் நூற்றுக்கு ஐந்து. ஏறத்தாழ அந்தப் பகுதி முழுவதுமே கையெழுத்திட்டது.

புயலுக்கு முன்னிருந்த விலை! இந்த மூன்று சொற்களிலேதான் திட்டத்தின் உயிர் இருக்கிறது. வெள்ளம் புகுந்த வீட்டுக்குச் சந்தையிலே என்ன விலை கிடைக்கும்? சேறு படிந்த சுவருக்கு எவன் சீட்டுக் கிழிப்பான்? அந்தச் செல்லாக்காசு விலையைச் சர்க்காரும் கொடுத்தால், வீட்டின்மீது வாங்கிய கடனை அடைக்கக்கூட அது போதாது. வீடும் போய், கடன் மட்டும் மிச்சமாகி, மனிதன் நடுத்தெருவிலே நிற்பான். எனவே முன்விலை என்பது தயவு அல்ல. அதுவன்றி இந்தத் திட்டம் நடக்காது.

இந்த ஏற்பாடு ஓக்வுட் பீச்சிலே பிறந்ததல்ல. அமெரிக்க மத்திய சர்க்கார், பேரிடர் நிவாரணத்துக்கென 1988இலே இயற்றிய ஸ்டாஃபோர்டு சட்டத்தின் கீழ் நடைபெறுவது. மத்திய சர்க்கார் முக்கால் பங்கு கொடுக்கும். மீதிக் கால் பங்கை மாநிலமும் ஊரும் தேட வேண்டும். பணம் தருவது மத்திய சர்க்காரின் பேரிடர் நிர்வாகமாகிய ஃபெமா. ஆனால் நிலம் ஊராட்சியின் பெயருக்கோ மாநிலத்தின் பெயருக்கோ பதிவாகும்.

பத்திரத்திலே எழுதும் நிபந்தனைகளைப் படித்தால், எழுதியவர்கள் மனித சுபாவத்தை நன்கு அறிந்தவர்கள் என்பது விளங்கும். கிரயம் முடிந்த 90 நாட்களுக்குள் கட்டடத்தை அகற்றிவிட வேண்டும். அந்த நிலம் என்றென்றைக்கும் திறந்த வெளியாகவே இருக்க வேண்டும். பூங்கா வைக்கலாம், பயிர் செய்யலாம், மாடு மேய்க்கலாம், சதுப்பு நிலமாக விட்டுவிடலாம். நான்கு பக்கமும் திறந்த கொட்டகை போடலாம். பொதுக் கழிப்பறை கட்டலாம். சுவர் எழுப்பிய மாளிகை கூடாது. வெள்ளத் தடுப்புக் கரைகூடக் கட்டக்கூடாது! மூன்றாண்டுக்கு ஒருமுறை ஊராட்சி நேரிலே சென்று பார்த்து, நிபந்தனை மீறப்படவில்லை என்று எழுதித் தர வேண்டும். அந்த மண்ணின்மீது மறுபடி வெள்ளம் வந்தால், அதற்கென்று நிவாரணம் கேட்டுக் கதவைத் தட்டவும் முடியாது.

ஏன் இத்தனை கெடுபிடி? ஏழையிடமிருந்து வாங்கிய நிலம், பத்தாண்டு கழித்துப் பணக்காரனின் உல்லாச விடுதியாக மாறிவிடக்கூடாதே! அதற்காகத்தான்.

தமிழிலே இந்த நிலத்துக்கு அழகான சொல் இருக்கிறது. படுகை. ஆறு படுத்துக் கொள்ளும் இடம் என்று நாம் அந்தச் சொல்லைப் படித்துக் கொள்ளலாம். ஆற்றுக்கு எப்போதும் ஒடுங்கி நடந்துகொண்டே இருக்க முடிவதில்லை. ஆண்டுக்கொரு முறையோ, பத்தாண்டுக்கொரு முறையோ, கைகாலை நீட்டிப் படுக்க வேண்டியிருக்கிறது. அந்தப் படுக்கையிலே மனிதன் போய் வீட்டைக் கட்டிவிட்டு, "ஐயோ, ஆறு என் வீட்டுக்குள்ளே வந்துவிட்டதே" என்று அலறுகிறான். வந்தது ஆறா, இவனா?

அப்படிக் கேட்டுவிட்டுச் சிலர் அத்தோடு நிறுத்திக் கொள்கிறார்கள். "ஆற்றிலே வீடு கட்டியவன் அனுபவிக்கட்டும். பொதுப் பணத்தை எடுத்து அவனுக்கு ஏன் கொடுக்க வேண்டும்?" என்கிறார்கள். கேட்பதற்கு நியாயம் போலத்தான் இருக்கிறது. ஆனால், அந்த இடத்திலே மனை பிரிக்க அனுமதி கொடுத்தது யார்? சாலை போட்டது யார்? கடன் கொடுத்த பாங்கு எது? கரை கட்டிவிட்டோம், கவலையின்றித் தூங்குங்கள் என்று சொன்னது யார்? 1968இலே தேசிய வெள்ளக் காப்பீட்டுத் திட்டம் தொடங்கி, ஆபத்துக்குத் தக்க கட்டணத்தைவிடக் குறைந்த கட்டணத்திலே பல வீடுகளுக்குக் காப்பீடு கொடுத்ததும் சர்க்கார்தானே! அந்தத் திட்டம் கடனிலே மூழ்கி, 2017இலே 1,600 கோடி டாலர் கடனை நாடாளுமன்றம் தள்ளுபடி செய்ய நேர்ந்தது. வெள்ளம் வரும், பணம் கொடுப்பார்கள், அதே இடத்திலே வீட்டைக் கட்டுவார்கள், மறுபடி வெள்ளம் வரும், மறுபடி பணம் கொடுப்பார்கள். செக்குமாடு சுற்றுவதுபோல! ஒரே தடவையாகக் கொடுத்து முடித்துக்கொள்வது சிக்கனம் அல்லவா?

சிக்கனம்தான் என்பதற்குச் சான்று இருக்கிறது. 1993ஆம் ஆண்டுக் கோடையிலே மிசிசிப்பி, மிசௌரி ஆறுகள் பெருக்கெடுத்து நடு அமெரிக்காவின் ஒன்பது மாநிலங்களைப் புரட்டிப் போட்டன. அந்த ஆண்டு டிசம்பரிலேயே சட்டத்தைத் திருத்தினார்கள். மத்திய சர்க்காரின் பங்கை முக்காலாக உயர்த்தியதும், வாங்கிய நிலம் நிரந்தரத் திறந்தவெளி என்று சட்டத்திலேயே எழுதியதும் அப்போதுதான். அந்த ஒரு வெள்ளத்தைத் தொடர்ந்து பல்லாயிரம் மனைகள் வாங்கப்பட்டன. மிசௌரியிலே செயின்ட் சார்லஸ் என்ற மாவட்டம், இரண்டு பேராறுகளும் கூடும் இடம். 1993 வெள்ளத்துக்கு அங்கே வழங்கிய மத்திய நிவாரணம் ஏறத்தாழ 2 கோடியே 60 லட்சம் டாலர். வீடுகளை வாங்கி அகற்றினார்கள். 1995இலே மீண்டும் வெள்ளம் வந்தது. அந்த முறை நிவாரணச் செலவு 3 லட்சம் டாலருக்கும் குறைவு. இரண்டாவது வெள்ளம் முதல் வெள்ளத்தைவிடச் சிறியது என்பதையும் சொல்லிவிடுகிறோம். கணக்கிலே கள்ளம் செய்வது நமது வழக்கமல்ல. சிறியது என்றாலும், இத்தனை வேறுபாடு வெள்ளத்தின் அளவினால் மட்டும் வந்துவிடாது. நனைவதற்கு அங்கே வீடு இல்லை. அதனால் நிவாரணத்துக்கு வேலையும் இல்லை.

அதே 1993 வெள்ளத்திலே மூழ்கிய ஊர் வால்மேயர். இல்லினாய் மாநிலத்திலே மிசிசிப்பிக் கரையோரம், 900 பேர் வாழ்ந்த சிற்றூர். ஆகஸ்டிலே கரை உடைந்தது. செப்டம்பரிலே மறுபடியும் தண்ணீர். ஊரார் கூடினார்கள். ஆளுக்கொரு திசையாகப் பிரிந்து போவதா? ஊரையே தூக்கிக்கொண்டு போவதா? பின்னதையே தேர்ந்தார்கள். பக்கத்து மேட்டிலே, ஏறத்தாழ 400 அடி உயரத்திலே, 500 ஏக்கர் நிலம் பார்த்தார்கள். பள்ளிக்கூடம், தேவாலயம், தபால் நிலையம், வீடுகள் எல்லாம் அங்கே புதிதாக எழுந்தன. பேர் மாறவில்லை, ஊர் இடம் மாறிற்று. 2020 கணக்கெடுப்பிலே அங்கே 1,200 பேருக்கு மேல் இருந்தார்கள். மேட்டுக்குப் போன ஊர் தேயவில்லை, வளர்ந்தே இருக்கிறது!

கிராண்ட் ஃபோர்க்ஸ் நகரத்தைப் பற்றியும் ஒரு வார்த்தை. 1997 ஏப்ரலிலே ரெட் ஆறு, பனி உருகிப் பெருகி, 54 அடியைத் தாண்டியது. ஐம்பதாயிரம் பேர் வாழ்ந்த நகரம் ஏறத்தாழ முழுவதுமாகக் காலியாயிற்று. வெள்ளத்தின் நடுவே நகரின் மையத்திலே தீப்பிடித்துப் பதினொரு கட்டடங்கள் எரிந்தன. சுற்றிலும் தண்ணீர், நடுவிலே நெருப்பு! பிறகு என்ன செய்தார்கள்? ஆற்றுக்கு நெருக்கமாகக் கரையைக் கட்டாமல், கரையைப் பின்னுக்குத் தள்ளினார்கள். கரைக்கும் ஆற்றுக்கும் நடுவே அகப்பட்ட தெருக்களை விலைக்கு வாங்கினார்கள். இரு மாநிலங்களிலும் ஆற்றின் இருபுறமும் சேர்ந்து 2,200 ஏக்கர் பசுமைவெளி. லிங்கன் டிரைவ் என்ற குடியிருப்பு இருந்த இடம் இன்று பூங்கா. அக்கரையிலே, குடும்பங்கள் சோறுண்ட முற்றங்களிலே, இன்று பயணிகள் கூடாரமடித்துத் தங்குகிறார்கள். வெள்ளம் வந்தால் கூடாரத்தைச் சுருட்டிக்கொண்டு போவார்கள். ஆறு வந்து படுத்து, எழுந்து, போகும். ஓக்லஹோமாவின் டல்சா நகரமும், 1984 மே மாதத்து வெள்ளத்திலே 14 பேரைப் பறிகொடுத்த பிறகு, இதே வழியிலே முனைந்து நடந்தது. அங்கே மழைநீர் தங்கும் பள்ளங்கள், மழையில்லாத நாளிலே பிள்ளைகள் பந்தாடும் திடல்கள்.

இதுவரை சொன்னது வெளிச்சம். இனிச் சொல்லப் போவது நிழல்.

முதலாவது, காலம். 2019இலே இயற்கைவளப் பாதுகாப்பு மன்றம் என்ற அமைப்பு கணக்கிட்டுப் பார்த்தது. வெள்ளம் வந்த நாளிலிருந்து வீடு வாங்கும் திட்டம் முடியும் நாள்வரை சராசரியாக எத்தனை காலம்? ஐந்தாண்டுக்கு மேல்! ஐந்தாண்டு, அன்பர்களே! சேறு புகுந்த வீட்டை வைத்துக்கொண்டு ஐந்தாண்டு ஒரு குடும்பம் என்ன செய்யும்? பழுது பார்த்தால் பணம் வீண். பார்க்காவிட்டால் படுக்க இடமில்லை. ஒருபுறம் வீட்டுக் கடனுக்குத் தவணை. மறுபுறம் தங்கியிருக்கும் இடத்துக்கு வாடகை. இதற்கிடையே, பழுது பார்க்கவென்று முன்பு கொடுத்த உதவித் தொகைக்கு ரசீது காட்டாவிட்டால், விலையிலே அதைக் கழித்துக்கொள்வார்கள். வெள்ளத்திலே வீட்டையே பறிகொடுத்தவன் ரசீதை எந்தப் பெட்டியிலே பூட்டி வைத்திருப்பான்? கையிலே பசையுள்ளவன் காத்திருப்பான். மற்றவன்? யாரோ ஒரு வியாபாரி வந்து கேட்கும் அடிமாட்டு விலைக்குத் தள்ளிவிட்டுப் போவான். அந்த வியாபாரி சுண்ணாம்பு பூசி, வேறொரு ஏமாளிக்கு விற்பான். தலைக்கு மேல் வெள்ளம் போனால் சாண் என்ன முழம் என்ன என்பார்கள். இங்கேயோ தலைகள் மாறுகின்றன, வெள்ளம் மாறுவதில்லை.

இரண்டாவது, ஓட்டைப்பல் வரிசை. விற்பவர் விற்பார், மறுப்பவர் மறுப்பார். பத்து வீட்டுத் தெருவிலே எட்டு போய் இரண்டு நிற்கும். அந்த இரண்டு வீட்டுக்காகச் சாலை, குழாய், விளக்கு, குப்பை வண்டி எல்லாம் ஊராட்சி நடத்த வேண்டும். எட்டு வீட்டின் வரியோ போயிற்று. இதற்கு அஞ்சியே பல ஊராட்சிகள் இந்தத் திட்டத்தைக் கையால் தொடுவதில்லை. ஓக்வுட் பீச்சிலே சேர்ந்து விற்பவர்க்குப் பத்து விழுக்காடு அதிகம் கொடுத்தது இந்தக் கோணலை நிமிர்த்தத்தான்.

மூன்றாவதாக நாம் சொல்ல வேண்டியது, நெஞ்சை அறுப்பது. 2019இலே வெளிவந்த ஆராய்ச்சி ஒன்று, 1989 முதல் 2017 வரை ஃபெமா பணத்திலே வாங்கப்பட்ட 40,000க்கு மேற்பட்ட வீடுகளைப் பற்றியது. அதன் முடிவு என்ன? எந்த மாவட்டங்களிலே இந்தத் திட்டம் நடந்தது? வசதியும் ஆள்பலமும் அதிகமுள்ள மாவட்டங்களிலே. அந்த மாவட்டங்களுக்குள்ளே எந்தப் பகுதியின் வீடுகள் வாங்கப்பட்டன? எளியவர்கள் வாழும் பகுதியின் வீடுகள்! நுணுகிப் பாருங்கள். மனு எழுத ஆளும், கால் பங்கு கட்டப் பணமும் உள்ள மாவட்டத்துக்கே திட்டம் எட்டுகிறது. ஏழை மாவட்டம் கைபிசைந்து நிற்கிறது. எட்டிய இடத்திலேயோ, இடம் பெயரும்படி ஆவது எளியவன். செல்வர் வாழும் கடற்கரைக்கு மணல் கொட்டி, சுவர் எழுப்பிக் காக்க வழி தேடுவார்கள். எளியவன் வாழும் பள்ளத்துக்கு வந்து, "நீ போய்விடு" என்பார்கள். சட்டத்திலே சாதியும் இல்லை, நிறமும் இல்லை. சட்டம் நடக்கும் தெருவிலே இருக்கிறது.

எளியவன் ஏன் பள்ளத்திலே வாழ்கிறான்? அறியாமையாலா? அதற்குப் பதில் தேடித்தான் வடக்குக் கரோலினா மாநிலத்திலுள்ள பிரின்ஸ்வில் என்ற சிற்றூரைக் கொஞ்சம் நின்று பார்க்க வேண்டும் என்கிறோம்.

1865. உள்நாட்டுப் போர் முடிந்தது. கறுப்பின மக்களின் அடிமை விலங்கு ஒடிந்தது. விலங்கு ஒடிந்தால் போதுமா? நிற்க நிலம் வேண்டுமே! தார் ஆற்றின் கரையிலே, வெள்ளையர் எவரும் விரும்பாத தாழ்ந்த பகுதி ஒன்று கிடந்தது. மழைக்கு மழை மூழ்கும் மண். அங்கே அவர்கள் குடிசை போட்டார்கள். வைத்த பெயர் என்ன தெரியுமோ? விடுதலைக் குன்று! பள்ளத்திலே நின்றுகொண்டு குன்று என்று பெயர் வைத்தார்கள். அவர்கள் நின்றது பள்ளம்; நெஞ்சு நின்றது குன்று. 1885இலே அது முறைப்படி நகராயிற்று. டர்னர் பிரின்ஸ் என்ற தச்சரின் பெயரால் பிரின்ஸ்வில் ஆயிற்று. அமெரிக்காவிலே கறுப்பின மக்கள் தாங்களே அமைத்துப் பதிவு செய்த முதல் நகரம் என்ற சிறப்பு அதற்கு உண்டு.

எத்தனையோ முறை ஆறு வந்து ஏறியது. 1967இலே இராணுவப் பொறியாளர்கள் மண் கரை கட்டினார்கள். 1999 செப்டம்பரிலே ஃபிளாய்டு புயல். கரை பயன்படவில்லை. ஊர் ஒரு வாரத்துக்கு மேல் தண்ணீருக்குள்ளே கிடந்தது. கல்லறைத் தோட்டத்திலிருந்து சவப்பெட்டிகள் மிதந்து வந்தன. அப்போதுதான் சர்க்கார் கேட்டது: விற்கிறீர்களா, அல்லது கரையை மீண்டும் கட்டித் தரவா?

ஊர் மன்றம் பிளவுபட்டது. விற்றால் உயிருக்குப் பாதுகாப்பு; ஆனால் பாட்டன் முப்பாட்டன் அடிமைத்தளை அறுத்து வந்து நின்ற மண், நாணல் காடாகும். ஆளுக்கொரு திசையாகப் போவார்கள். பிரின்ஸ்வில் என்ற பெயர் வரலாற்றுப் புத்தகத்தின் வரியாகிவிடும். ஒரே ஒரு வாக்கு வேறுபாட்டிலே, "விற்க மாட்டோம்" என்று முடிவாயிற்று. கரை மீண்டும் எழுந்தது. 2016இலே மாத்யூ புயல் வந்தது. ஊர் மறுபடியும் மூழ்கியது.

விற்காதது தவறு என்று கணக்குப் பிள்ளைகள் சொல்லுவார்கள். நாம் அத்தனை சுலபமாகச் சொல்லிவிட முடியாது. ஓக்வுட் பீச்சின் மக்களுக்கு அது வீடு. விலை வந்தது, வேறு வீடு பார்த்தார்கள். பிரின்ஸ்வில் மக்களுக்கு அது வீடு மட்டுமல்ல. உலகத்திலே தங்களுக்கென்று, தாங்களே ஆண்ட ஒரே இடம். அதற்குச் சந்தை விலை என்ன? எந்த மதிப்பீட்டு அதிகாரி எந்த அளவுகோலால் அளப்பார்? பள்ளத்தை அவர்களுக்கு ஒதுக்கிய சமுதாயம், நூறாண்டு கழித்து வந்து, "பள்ளத்திலே ஏன் இருக்கிறாய்?" என்று கேட்டால், கோபம் வராதா!

ஆனாலும் ஆறு கோபத்துக்கு அஞ்சாதே. அதையும் சொல்லித்தானாக வேண்டும். மானம் பெரிதுதான், மூழ்கும் வீட்டிலே முதியவளையும் குழந்தையையும் வைத்துக்கொண்டு மானம் காப்பது எப்படி? இந்தக் கேள்விக்கு நம்மிடம் சுருக்கமான பதில் இல்லை.

டெக்சாசிலே வேறு விதமான விபரீதம். ஹூஸ்டன் நகரம் அடங்கிய ஹாரிஸ் மாவட்டம் நெடுங்காலமாகவே வீடு வாங்கும் திட்டத்திலே முன்னணியிலே நிற்பது. 3,000 வீடுகளுக்கு மேல் வாங்கியிருக்கிறது. பெரும்பாலும் விருப்பத்தின் பேரில். 2017 ஆகஸ்டிலே ஹார்வி புயல் அடித்த பிறகோ, வேறொரு மத்திய நிதியைக் கொண்டு, சில பகுதிகளை விரும்பினாலும் விரும்பாவிட்டாலும் வாங்கியே தீருவது என்று புறப்பட்டார்கள். அந்தப் பகுதிகள் எவை? பெரும்பாலும் இலத்தீன் அமெரிக்க வழிவந்த உழைப்பாளிகள் வாழும் பகுதிகள். பின்னாலே ஒரு தோட்டம், பக்கத்து வீட்டிலே அண்ணன், எதிர் வீட்டிலே அத்தை என்று வாழ்ந்தவர்கள். ஃபெமாவின் சட்டத்திலே விருப்பமின்றி வாங்கக்கூடாது என்று தெளிவாக இருக்கிறது. வேறு பெட்டியிலிருந்து பணம் எடுத்தால் அந்த வாக்கியம் பொருந்தாதாம்! கையெழுத்துப் போடும் கை தானாக நகர்ந்தால் அது கிரயம். பிடித்து நகர்த்தினால் அதற்குப் பெயர் வேறு.

2025 ஜூலை 4ஆம் நாள் விடியற்காலை, அதே டெக்சாசிலே குவாடலூப் ஆறு சில மணி நேரத்திலே பனை உயரம் ஏறி, நூற்றுக்கு மேற்பட்டவர்களைக் கொண்டுபோயிற்று. கோடை முகாமுக்கு வந்திருந்த சிறுமிகள் பலர் அதிலே மாண்டார்கள். அந்த முகாமின் கட்டடங்கள் சில, முறையீட்டின் பேரில், வெள்ள அபாய வரைபடத்திலிருந்து முன்னமே நீக்கப்பட்டிருந்தன என்ற செய்தி பின்னர் வெளிவந்தது. வரைபடத்திலே கோட்டை அழிக்கலாம். ஆறு வரைபடம் படிப்பதில்லையே! இதே 2025 ஏப்ரலிலேதான், இடர் வருமுன் காப்பதற்கென ஊர்களுக்கு நிதி வழங்கிய திட்டமொன்றை முடிப்பதாக மத்திய நிர்வாகம் அறிவித்தது. வீணடிப்பு என்று காரணம் சொன்னார்கள். ஜூலையிலே 20 மாநிலங்கள் வழக்குமன்றம் ஏறின. வீடு வாங்குவதற்கான பணமும் இப்படிப்பட்ட நிதிகளைச் சார்ந்தே நிற்கிறது. ஆட்சி மாறினால் பெட்டி மூடும் என்றால், ஐந்தாண்டு காத்திருப்பவன் கதி என்ன?

எனவே பணத்தை யார் கையிலே வைப்பது என்பதே முதல் பிரச்சினை என்கிறோம். வடக்குக் கரோலினாவின் சார்லட் நகரமும் அதன் மாவட்டமும் ஒரு வழி கண்டிருக்கின்றன. வீட்டுக்கு வீடு மழைநீர்க் கட்டணம் வாங்குகிறார்கள். அந்தப் பணம் எப்போதும் கையிலே இருக்கிறது. வெள்ளம் வடிந்தவுடனே, வீட்டுக்காரன் பழுதுபார்க்கத் தொடங்குவதற்கு முன்பே, போய் விலை பேசுகிறார்கள். வாஷிங்டனைப் பார்த்துக் கைகட்டி நிற்பதில்லை. நியூ ஜெர்சி மாநிலம் 1995லிருந்து 'நீல ஏக்கர்' என்ற திட்டத்தை நடத்துகிறது. அதற்கென்று மாநில வரியிலே ஒரு பங்கை நிலையாக ஒதுக்கி 2019இலே சட்டமும் செய்தது. அங்கே வீட்டுக்காரருக்குத் துணையாக ஓர் ஆளை அமர்த்தி, கடன் கொடுத்த பாங்கோடு பேசி, விலை கடனுக்குக் குறைந்தால் வித்தியாசத்தைத் தள்ளுபடி செய்யவும் வாதாடுகிறார்கள். சட்டம் ஒன்றுதான். நடத்துகிறவன் மனம் வைத்தால் அதன் முகமே மாறுகிறது.

இரண்டாவது பிரச்சினை, போகிற இடம். வெறும் பணத்தைக் கையிலே கொடுத்து, "போ" என்பது போதாது. பள்ளத்திலிருந்த வீட்டின் விலைக்கு மேட்டிலே வீடு கிடைப்பதில்லை. பள்ளத்து வீடு மலிவு என்பதால்தானே அவன் அங்கே வந்தான்! எனவே மலிவான இன்னொரு பள்ளத்தைத் தேடிப் போவான். அங்கேயும் ஒரு நாள் ஆறு வரும். வால்மேயர் பிழைத்தது ஏன்? மேட்டு நிலத்தை முதலிலே பார்த்துவிட்டு, பிறகு பள்ளத்தை விட்டார்கள். கூடவே போனார்கள். ஓரூராகப் போனார்கள். நமது யோசனையைக் கேட்டால், ஒரு ஏக்கரை ஆற்றுக்கு எழுதிக் கொடுக்கும் அதே நாளிலே, மேட்டிலே ஓர் ஏக்கரை அந்த மக்கள் பெயருக்கு எழுதிக் கொடு என்போம். செலவு அதிகம் என்பார்கள். செக்கைச் சுற்றிச் சுற்றிக் கொட்டிய பணத்தைக் கூட்டிப் பார்த்துவிட்டு அப்புறம் சொல்லட்டும்.

பிரின்ஸ்வில்லுக்கே திரும்பி வருவோம். மாத்யூவுக்குப் பிறகு, பழைய ஊருக்கு அருகே, வெள்ளம் ஏறாத மேட்டிலே 53 ஏக்கர் நிலம் வாங்கப்பட்டது. ஊரின் எல்லையை அங்கே நீட்டி, வீடுகளையும் பொதுக் கட்டடங்களையும் எழுப்புவது திட்டம். பழைய பிரின்ஸ்வில்லிலே, விற்க விரும்பிய சிலர் விற்றார்கள். வீட்டை உயர்த்திக்கொண்டு தங்கியவர்கள் தங்கினார்கள். கரையை உயர்த்தும் பேச்சும் நடந்துகொண்டே வந்திருக்கிறது. கறுப்பின மக்களின் அந்த ஊர், ஒரு காலைப் பள்ளத்திலும் ஒரு காலை மேட்டிலும் வைத்து நிற்கிறது. மேட்டிலே வாங்கிய மண்ணிலே வீடுகள் என்றைக்கு எழும் என்பதைப் பொறுத்திருக்கிறது, கீழே இருப்பவர்கள் எத்தனை பேர் மேலே ஏறுவார்கள் என்பது.